எட்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தால் என்னதான் சமைப்பது?

டோல்கேட்காரன்
செவ்வாய், இரவு 11.20

பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுதுகிறேன். இன்றைக்குச் செய்தது சாதம், சாம்பார், அப்பளம். அவ்வளவுதான். அதற்கு இரண்டே கால் மணி நேரம்.

வேலை கிண்டியில். ஆறரைக்கு விட வேண்டியது, ஏழு ஏழேகால் ஆகிவிடும். மெட்ரோவில் உட்கார்ந்தால் மாறாமல் டோல்கேட்டில் இறங்கலாம், அந்த ஒரு நிம்மதி இருக்கிறது. நடந்து வந்து செருப்பைக் கழற்றும்போது எட்டேகால். அக்காவுக்குப் பிரசவம் என்று அம்மா ஓசூர் போய் ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் இரண்டு மாதம் அங்கேதான். வீட்டில் நானும் நைனாவும். நைனாவுக்குச் சர்க்கரை உண்டு. முதல் மூன்று வாரம் கடைச் சாப்பாட்டிலேயே ஓட்டினோம். ஒரு நாள் பரோட்டா, ஒரு நாள் ஃப்ரைட் ரைஸ், மனசாட்சி உறுத்தினால் இட்லி. அப்புறம் ரத்தம் பார்க்கப் போனவர் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டிவியைப் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றிலிருந்து நான்தான் சமைக்கிறேன். சுத்தமாகத் தெரியாது என்றும் இல்லை. செல்போனை மிக்ஸியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்வேன், நன்றாகவே வரும். ஆனால் பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் மூன்றுக்குத்தான் இலை போட முடியும், தொட்டியில் பதினாலு பாத்திரம் கிடக்கும். வார நாள் சமையல் அந்த வித்தையே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

இன்றைய கூத்தைச் சொல்கிறேன். வந்ததும் துவரம்பருப்பைக் கழுவி, மஞ்சள், உப்பு, தக்காளி எல்லாம் போட்டு, ஒரேயடியாக வேலை முடியட்டும் என்று புளியையும் கரைத்து ஊற்றிக் குக்கரை மூடினேன். நாலு விசில். திறந்தால் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கிறது. இன்னும் நாலு. அப்புறம் மூன்று. ஆக மொத்தம் பதினோரு விசில். எதிர் வீட்டு ஆயா கதவைத் திறந்து, "இன்னாப்பா, மாட்டுக் கால் வேவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மத்தை வைத்துக் கடைந்தும் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். நைனா சாப்பிட்டார். "மென்னு சாப்ட்டா பல்லுக்கு நல்லதுதான்" என்றார். மணி அப்போது பத்தரை.

அம்மாவிடம் கேட்டால், "நாலு விசில் விடுடா, வெந்துரும்" என்கிறாள். அதே குக்கர், அதே ரேஷன் பருப்பு. அவளுக்கு வேகும், எனக்கு வேகாது.

இரண்டு கேள்வி. பருப்பு ஏன் வேகவில்லை? எட்டேகாலுக்கு வந்து ஒன்பதுக்குள் தட்டு வைக்கிறவர்கள் எப்படி வைக்கிறீர்கள்? செய்முறை வேண்டாம், அது போன் முழுக்கக் கிடக்கிறது.

மாவு பாக்கெட் கட்சி
செவ்வாய், இரவு 11.41

தெருமுனையில் ஈர மாவு, வீட்டில் தோசைக்கல், ஒரு டப்பா இட்லிப் பொடி. பத்து நிமிடம். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய பதிவு?

கல்மண்டபம் அக்கா
புதன், காலை 6.05

மாவு பாக்கெட்டை நானும் வாங்குகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் தோசை தின்றால் அந்த வீட்டில் ஆறாம் நாள் சண்டை வரும். அதுவும் இந்த வெயிலில் கடை மாவு காலையில் வாங்கினால் சாயங்காலம் மோர்.

தம்பி, முதலில் ஒன்று சொல்லு. குக்கரில் எந்தத் தண்ணீர் ஊற்றினாய்?

டோல்கேட்காரன்
புதன், காலை 8.50

மெட்ரோவில் நின்றுகொண்டே பதில் போடுகிறேன் அக்கா. சமையல்கட்டுக் குழாய்த் தண்ணீர்தான். மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுவோமே, அது.

கல்மண்டபம் அக்கா
புதன், காலை 9.10

அது போர் தண்ணீர். அம்மா அதிலா பருப்பு வேகவைப்பார்கள்?

டோல்கேட்காரன்
புதன், காலை 9.14

ஐயோ. இல்லை. அடுப்புக்குக் கீழே மூன்று நீலக் குடம் இருக்கும். விடியற்காலையில் கீழே அடிபம்பில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் விடுகிற தண்ணீர், பிடித்து வைப்பாள். அவள் ஊருக்குப் போனதிலிருந்து குடம் காலியாகக் கிடக்கிறது. தண்ணீர் வருகிற நேரத்துக்கு நான் எழுந்ததே இல்லை. குடிக்கக் கேன் தண்ணீர் வருவதால் அதை யோசிக்கவும் இல்லை.

கல்மண்டபம் அக்கா
புதன், இரவு 10.15

நினைத்தேன். நம் பக்கத்து போர் தண்ணீர் கல் மாதிரி. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் பருப்பையும் இறுக்கிவிடுகிறது. அது போதாதென்று புளியும் தக்காளியும் சேர்த்திருக்கிறாய். புளிப்பு பட்ட பருப்பு லேசில் குழையாது. புளியும் உப்பும் பருப்பு வெந்த பிறகுதான். கேன் தண்ணீரிலோ மெட்ரோ தண்ணீரிலோ, மஞ்சள், ஒரு சொட்டு நல்லெண்ணெய், இரண்டு பல் பூண்டு மட்டும் போட்டு வை. ரேஷன் பருப்பு கொஞ்சம் பழசாக இருந்தால் ஐந்து விசில் கேட்கும். நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்பில் அதற்கும் பொறுமை இல்லையென்றால் பாசிப்பருப்பு வாங்கி வை. அதற்குக் குக்கரே வேண்டாம்.

இனி உன் இரண்டாவது கேள்வி. நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். எட்டரைக்குத்தான் விடுவார்கள், பண்டிகைக் காலத்தில் பத்தும் ஆகும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினாறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டை ராத்திரி ஆரம்பித்தால் உன் கதைதான் ஆகும் தம்பி.

என் வீட்டில் மூன்று விஷயம் எப்போதும் தயாராக இருக்கும். முதலாவது குழம்பு மிளகாய்த்தூள். பாக்கெட் தூள் அல்ல, மிஷினில் அரைத்தது. ஒரு கிலோ தனியாவுக்கு முக்கால் கிலோ மிளகாய், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு, சீரகம் நூறு, மிளகு ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, விரலி மஞ்சள் நூறு. இரண்டு பேர்தான் என்றால் எல்லாவற்றிலும் பாதி. மொட்டைமாடியில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்துக்கொண்டு போனால், சித்திரை வெயிலுக்கு மிளகாய் கையில் எடுத்ததும் நொறுங்கும். மிஷினிலிருந்து வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிடணும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி கட்டிவிடும். இந்த ஒரு தூள் இருந்தால் சாம்பார், காரக்குழம்பு, மீன், கருவாடு எதற்கும் வேறு பொடி தேட வேண்டாம்.

இரண்டாவது தொக்கு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நாலு மணி நேரம் செலவழிக்கிறாயே, அதில் ஒரு மணி நேரத்தை இங்கே கொடு. ஒரு கிலோ வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, ஒரு கை பூண்டு, ஒரு துண்டு இஞ்சி. எண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணாமல் ஊற்றி, வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் மற்றதைப் போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிகிறவரை வதக்கு. முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் துணி மடிக்கலாம். ஆறியதும் மூன்று சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு இரண்டை ஃப்ரிட்ஜில் கீழே வை, ஒன்றை ஃப்ரீசரில் வை. ஈரக் கரண்டி போட்டால் நான் பொறுப்பில்லை.

மூன்றாவது புளி. காலையில் வீட்டைப் பூட்டுவதற்கு முன் எலுமிச்சம்பழ அளவு புளியை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போ. சாயங்காலம் ஒரு தடவை கையால் பிசைந்தாலே கரைந்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு என்ன ஆகிறது என்று சொல்கிறேன். நேற்று எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு. உள்ளே வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை, முதலில் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து குக்கர் ஏற்றினேன். இன்னொரு அடுப்பில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, மூன்று கரண்டி தொக்கு, இரண்டு ஸ்பூன் தூள். தூள் கருகாமல் அரை நிமிடம் பிரட்டிப் புளித்தண்ணீரை ஊற்றினேன். பச்சை வாசனை போகக் கொதித்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நாலு முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, குழம்பின் நாலு மூலையிலும் மெதுவாக இறக்கி மூடினேன். இங்கேதான் எல்லோரும் கெடுப்பது. கரண்டியை உள்ளே விடக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் வெள்ளைக்கரு மேலே போர்வை மாதிரி இறுகியிருக்கும். அப்போது ஓரத்திலிருந்து ஒரு தடவை திருப்பி விடலாம். அதற்கு முன்னால் கிண்டினால் குழம்பு முழுக்க நூல் நூலாகப் போய் முட்டை எங்கே என்று தேடணும். குக்கர் அடங்கும்போது குழம்பும் இறங்கிவிட்டது. தொட்டுக்கொள்ள அப்பளம். ஒரு ராத்திரிக்கு ஒரு குழம்பு, அதற்கு மேல் யார் கேட்டாலும் காது கேட்காத மாதிரி இருந்துவிடு.

துறைமுக ஷிப்டு
வியாழன், மதியம் 2.30

அக்கா சொன்னதற்கு மேல் சமையலில் எனக்கு ஒன்றும் தெரியாது. மீன் விஷயம் மட்டும் சொல்கிறேன். டோல்கேட்டில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் வாரத்தை ஓட்டுவது நியாயமில்லை.

ஞாயிறு விடிவதற்குள் காசிமேடு போய்விடுங்கள். வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கிற அக்காமாரிடம் கொடுத்தால் செதில், குடல் எல்லாம் எடுத்துத் துண்டு போட்டுத் தருவார்கள். அந்தக் காசில் பேரம் பேசாதீர்கள். வீட்டுக்கு வந்து கல் உப்பு, மஞ்சள் போட்டு அலசி, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் தனித்தனிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மொத்தமாக ஒரே கவரில் கட்டினால் செவ்வாய்க்கிழமை ராத்திரி பாறாங்கல்லைச் சுவரில் மோதி உடைக்க வேண்டியிருக்கும். என் அறையில் அப்படி உடைத்து டைல்ஸ் போனது. காலையில் ஒரு கவரை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனால் ராத்திரி இளகியிருக்கும்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. வஞ்சிரம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், விலை சொல்லி மாளாது. ஃபைபர் படகில் வருகிற நெத்திலி, சங்கரா, கானாங்கெளுத்தி கிடைக்கும். நெத்திலிக் குழம்பு பத்து நிமிடம்கூட ஆகாது, கொதிக்கிற குழம்பில் போட்டு இரண்டு கொதியில் இறக்க வேண்டியதுதான்.

கானாங்கெளுத்தியில் மட்டும் ஒரு ஜாக்கிரதை. வாங்கியதும் ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்துவிட்டால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. ஒரு தடவை பட்டவன் சொல்கிறேன்.

வார்டு நம்பர் ஏழு
வியாழன், இரவு 9.40

நான் நர்ஸ், வீடு கொருக்குப்பேட்டை. இரண்டே விஷயம்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் பத்தரை மணி வரை பசியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் எப்படி என்று அவருடைய டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். தட்டில் சோறு மலை, பொரியல் ஊறுகாய் அளவு என்று வைக்காமல் அதைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள். அரிசிக்குப் பதில் கோதுமை ரவை என்று வைத்தாலும் அளவு அளவுதான்.

இன்னொன்று. இவ்வளவு பேர் இவ்வளவு எழுதிவிட்டோம், யாரும் கேட்கவில்லை. நைனா வீட்டில்தானே இருக்கிறார்? எழுந்து நடமாடுகிறார்தானே? ஒரு குக்கரை அடுப்பில் ஏற்ற அவருக்கு என்ன?

கல்மண்டபம் அக்கா
வியாழன், இரவு 10.02

கேட்டாய் பார் ஒரு கேள்வி. நான் பதினாறு வருடமாக என் வீட்டில் கேட்காத கேள்வி.

டோல்கேட்காரன்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் ஒரு கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர்தான் முதல். மறுநாளே அலாரம் வைத்து ஐந்தரைக்குக் கீழே இறங்கினேன். அடிபம்பு முன்னால் ஏற்கெனவே குடம் வரிசை. அம்மாவுடைய இடம் மூன்றாவதாம். எனக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது, எதிர் வீட்டு ஆயாதான் இழுத்து நிறுத்தினார். இப்போது மூன்று குடமும் ரொம்பியிருக்கிறது, கேன் தண்ணீர் வாரத்துக்கு ஒன்று மிச்சம். அதே ரேஷன் பருப்பு ஐந்து விசிலில் வெண்ணெய் மாதிரி குழைகிறது. அம்மாவிடம் சொன்னேன். "நான்தான் சொன்னேனே நாலு விசில்னு" என்றாள். தண்ணீரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஞாபகப்படுத்தினேன். "அதைப் போய்ச் சொல்லணுமாடா?"

தொக்கு மூன்று வாரமும் செய்துவிட்டேன். முதல் வாரம் அடிப்பிடித்தது, துணி மடிக்கப் போனதுதான் காரணம், அக்கா மன்னிக்கணும். மிளகாய் காயவைத்த அன்று மாடியில் காக்காய் விரட்டியது நைனா.

முட்டைக் குழம்பு முதல் தடவை நூல் நூலாகத்தான் போனது. கரண்டியை விடக் கூடாது என்று படித்திருந்தும் கை சும்மா இருக்கவில்லை. இரண்டாவது தடவை கரண்டியைக் கொண்டுபோய் ஹாலில் வைத்துவிட்டு வந்தேன். வந்தது.

ஒரு பெரிய தப்பு சொந்த மூளையில் செய்தேன். புளியைக் காலையில் ஊறவைத்தால் வேலை சுலபம் என்றால் பச்சைப்பயறையும் ஊறவைக்கலாமே என்று, ஏழரை மணிக்குத் தண்ணீரில் போட்டு மேடையில் வைத்துவிட்டுப் போனேன். ராத்திரி கதவைத் திறந்ததுமே ஒரு வாடை. மூடியைத் தூக்கினால் மேலே சோப்பு மாதிரி நுரை, உள்ளே வழவழவென்று பயறு. பதிமூன்று மணி நேரம், மே மாதம், ஜன்னல் எல்லாம் சாத்திய வீடு. கழுவிப் பார்த்தேன், போகவில்லை, கொட்டிவிட்டேன். இப்போது எதை ஊறவைத்தாலும் ஃப்ரிட்ஜுக்குள்தான். புளிக்கு மட்டும் வெளியே இடம்.

மாவு பாக்கெட் கட்சிக்கு ஒரு சேதி. வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் உங்கள் கட்சிதான். தோசைக்குத் தொக்கு தொட்டுப் பாருங்கள்.

நைனா விஷயம். நர்ஸம்மா எழுதியதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டினேன். செல்போனை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். "யாரு இந்தப் பொண்ணு?" என்றார். அப்புறம் பேச்சே இல்லை. மறுநாள் சாயங்காலம் ஏழே முக்காலுக்கு அவரே போன் பண்ணி, "எத்தினி டம்ளர் தண்ணி?" என்று கேட்டார். இப்போது ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. வண்டி வண்ணாரப்பேட்டையைத் தாண்டியதும் நான் போன் செய்வேன், அவர் கீழே பருப்பு, மேலே அரிசி என்று அடுக்கி அடுப்பைப் பற்றவைப்பார். நான் படியேறும்போது கடைசி விசில் கேட்கும். மிச்சம் தாளிப்பது மட்டும்தான். எட்டு ஐம்பதுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோம். ஒரு தடவை விசில் குண்டு போடாமலே வைத்துவிட்டு, "இன்னிக்கு விசிலே வர்ல, ரிப்பேரு" என்று போன் செய்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ரொம்ப நல்ல பெயர் வாங்கிவிடுவார்.

அரிசியைக் குறைத்துக் காயைக் கூட்டுவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. பொரியலுக்கு நறுக்கவே இருபது நிமிடம் ஆகிறது. கீரை செய்யலாம் என்றால் எட்டேகாலுக்கு மேல் உட்கார்ந்து ஆய முடியவில்லை. முந்தின நாள் ராத்திரியே ஆய்ந்து வைத்தால் கெட்டுப்போகுமா?

கல்மண்டபம் அக்கா
ஞாயிறு, இரவு 10.20

ஆய்ந்து வைக்கலாம். கழுவாதே. ஈரம் இல்லாத வெள்ளைத் துணியில் தளர்வாகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வை, மறுநாள் சமைக்கும்போது கழுவிக்கொள். சிறுகீரை, முளைக்கீரை தாங்கும். அரைக்கீரைக் காம்பை ஆய நைனாவுக்கு மத்தியானம் டிவி பார்க்கிற நேரம் இருக்கிறதே.